இடையில் செருகிய தாள்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைகிறவர்கள் முதலில் மான்களைத்தான் பார்க்கிறார்கள். வாசல் நிலையில் பதித்திருக்கும் கல்லைப் பார்க்க நிற்பவர் குறைவு. அந்தக் கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது, கூடவே இரண்டு மீன்கள். எழுத்து முழுதாக இல்லை, வரிகள் பாதியில் நிற்கின்றன. அது வாசலுக்கென்று வெட்டிய கல்லே அல்ல. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள், நடுவில் பிரெஞ்சுக்காரர் வந்து போனார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆங்கிலேயர் தங்கள் அரச முத்திரையை வாசலில் வைத்து, 1803இல் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரையும் கோட்டைக்குச் சூட்டினார்கள். இன்றைக்கு உள்ளே இராணுவ முகாம். அதைத் தாண்டி மேலே ஏறினால் திரும்பக் கட்டிய கோயில்.

பழைய பக்கத்தின் மேல் புதிதாக வேலை செய்வது என் பொழுதுபோக்கு. இந்த ஊருக்கு வந்ததும் அதனால்தான்.

தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றும், ஒட்டுவதற்கு என்ன கிடைக்கிறதோ அதுவும்தான் இதற்கு மூலதனம். வெளிநாட்டில் ஆர்ட் ஜேர்னல் என்கிறார்கள், அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது வெள்ளை அடிப்பூச்சுக்கு ஒரு போத்தல் கெஸோ, சில அக்ரிலிக் நிறங்கள், நீர்வண்ணப் பெட்டி, கறுப்பு மைப் பேனை. மிச்சமெல்லாம் பஸ் டிக்கெட், தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித்தாள், மருந்துச் சிட்டை, திருநீறு மடித்துத் தந்த கடதாசி, விழாத லொத்தர்ச் சீட்டு. கீறுவதும் பூசுவதும் கிழித்து ஒட்டுவதும் அதன் மேல் எழுதுவதும் ஒரே பக்கத்தில் நடக்கும்.

புதுப் பக்கம் தொடங்குவதைவிடப் பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போவதில்தான் ருசி அதிகம். நிறம் சரியில்லை, எழுதியது இப்போது பிடிக்கவில்லை, அல்லது அந்த நாளைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. அப்போது என்ன செய்வது? இந்தக் கையலுவல் செய்பவர்களில் பெரும்பாலானோர் கெஸோவை எடுப்பார்கள். ஒரு கை வெள்ளை பூசினால் பக்கம் புதிதாகிவிடும். லண்டன் ஓவியர் டொம் பிலிப்ஸ் 1966இல் விக்டோரியா காலத்து நாவல் ஒன்றைப் மலிவு விலைக்கு வாங்கி, பக்கம் பக்கமாக அதன் மேல் வரைந்தார். அங்கங்கே சில சொற்களை மட்டும் மூடாமல் விட்டார். அந்தச் சொற்கள் சேர்ந்து வேறொரு கதை சொல்லும். ‘எ ஹியூமியுமென்ட்’ என்ற அந்த நூலின் பக்கங்களை 50 ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார், கடைசிப் பதிப்பு 2016இல் வந்தது. அவர் மூடியது அச்சடித்த நாவலின் ஒரு பிரதியை. வேறு பிரதிகள் உலகத்தில் இருந்தன. கோட்டை வாசலில் இருக்கும் கல்லுக்கு வேறு பிரதி கிடையாது. மூடுவதில் இருக்கும் இந்த வித்தியாசம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினால் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்து போகும். விடியும்போது கந்தளாய். பிறகு தம்பலகாமத்து வயல்கள். இடிபட்ட கோயிலின் விக்கிரகங்கள் மறைவாக வந்து சேர்ந்த இடம் இது என்று ஊரார் சொல்வார்கள், ஆதிகோணநாயகர் கோயில் இங்கேதான் இருக்கிறது. அதற்கப்பால் சீனக்குடா, வலது பக்கம் தண்ணீர். ரயிலை விட்டு இறங்கும்போதே முகத்தில் கச்சான் காற்று அடித்தது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு கிழக்கே இறங்கிவரும் தென்மேல் காற்று அது. ஊரார் அதைத் திட்டுவார்கள். கொப்பியோடு வருகிறவர்களுக்கு அது வசதி: கொழும்பில் பாதி நாள் எடுக்கும் கெஸோ இங்கே ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஆனால் தாள் சுருளும், நாலு மூலையிலும் உடுப்புக் கிளிப் போடவேண்டும். மார்கழி மழையில் வந்தால் ஒன்றும் காயாது.

கோட்டை வாசலில் கீறத் தொடங்கியதும் ஒரு சிப்பாய் வந்து சிங்களத்தில் விசாரித்தார். படம் பிடிக்கக்கூடாத இடங்கள் உள்ளே இருக்கின்றன. கொப்பியைப் புரட்டிக் காட்டினேன், கல்லை மட்டும்தான் கீறுகிறேன் என்றேன், தலையாட்டிவிட்டுப் போனார். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போலத் தாளை வைத்துத் தேய்த்தால் அழகான பக்கம் வரும். ஆனால் தேய்ந்துபோன கல்லை இன்னும் தேய்க்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கண்ணால் பார்த்தே வரைந்தேன். கோடு போட்ட தாளில் மெல்லிய கெஸோ, நீலக் கோடுகள் உள்ளே மங்கலாகத் தெரிகிற அளவுக்கு. அது ஈரமாக இருக்கும்போதே டச்சுக்குடாக் கடற்கரையில் அள்ளிய மணலைத் தூவி, காய்ந்த பிறகு தட்டிவிட்டேன். ஒட்டி நின்ற மணலின் மேல் சாம்பல் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டால், நிறம் மணியிடுக்குகளில் தங்கிக் கருங்கல்லின் சொரசொரப்பு வரும். மீன்களைப் பேனையின் பின்முனையால் கீறினேன், கீழே இருந்த வெள்ளை வெளியே வந்தது. பழைய ரயில் டிக்கெட்டை ஓரத்தில் ஒட்டியபோதுதான் மான் வந்தது. என் பசை கோதுமை மாவில் காய்ச்சியது. மானின் மூக்கு அதைக் கண்டுபிடித்து ஓரத்தை நக்கத் தொடங்கிவிட்டது. தூரத்தில் நின்ற சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தார்.

கோட்டைக்குள் கோயில் நிற்கும் சுவாமிமலையில் இன்னொரு கல் இருக்கிறது. இராவணன் வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதைச் சுட்டிக்காட்டுவார்கள். பழைய கோயிலின் தூண் ஒன்றை எடுத்து, அதில் ஒல்லாந்த மொழியில் ஒரு பெண்ணின் நினைவாக எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். பிரான்சினா வான் றீட் என்று பெயர், 1687 என்று ஆண்டு. காதலன் கப்பலேறிப் போக, அவள் பாறையிலிருந்து குதித்தாள் என்று கதை. கதை உண்மையோ இல்லையோ, தூண் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. ஒருவருடைய துக்கத்தை எழுத இன்னொருவருடைய கோயில் தூண் தேவைப்பட்டிருக்கிறது. அங்கே எழுத்து முன்பு இல்லாவிட்டாலும், அது வெறுந்தாள் அல்ல.

மூடியது மூடியபடியே இருப்பதுமில்லை. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய கோயிலின் வெண்கல விக்கிரகங்கள் வந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறைக்குக் கீழே கடலில் முக்குளித்து, கோயில் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இதுவரை கண்டது மூடிய பக்கங்கள். மூடாமல் திருத்துவது எப்படி என்பதை எனக்குத் துறைமுகம்தான் காட்டியது. நான் தங்கிய வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் ஓர்ஸ்ஹில்லில் இருக்கிறார், வர்த்தகக் கப்பலில் செகண்ட் ஒஃபீஸராக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலில் கடல்வரைபடங்களைத் திருத்தி வைப்பது அந்தப் பதவிக்காரரின் வேலை. பிரித்தானியக் கடற்படையின் பழைய வரைபடம் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார், மேசையில் விரித்து நாலு மூலைக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தார். உள்துறைமுகம், கொட்டியாரக்குடா, ஆழங்களைச் சொல்லும் பொடி இலக்கங்கள். அவற்றுக்கு நடுவில் ஊதாச் சிவப்பு மையில் கையால் எழுதிய திருத்தங்கள். ஓரிடத்தில் சிறு துண்டுத் தாள் ஒன்று கச்சிதமாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது, கரையோரக் கோடு மயிரிழை பிசகாமல் துண்டுக்குள் நுழைந்து வெளியே வந்தது. என் கொப்பியில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் ஒட்டியதில்லை.

வாரந்தோறும் மாலுமிகளுக்கு அறிவித்தல் வரும், விளக்கு மாறியது, மிதவை நகர்ந்தது, புதிதாக ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்று. நிரந்தரத் திருத்தம் மையால், தற்காலிகமானது பென்சிலால். மாற்றம் பெரிதாக இருந்தால் அந்தப் பகுதியையே அச்சடித்து அனுப்புவார்கள், வெட்டி ஒட்டவேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் ஆண்டும் இலக்கமும் வரைபடத்தின் இடது கீழ் மூலையில் எழுதப்படும்.

“ரப்பர் பிடிக்கக்கூடாது, பிள்ளை,” என்றார். “பிழையெண்டாலும் ஒரு கோடு போட்டு வெட்டுறது. கீழ கிடக்கிறது வாசிக்கக்கூடியதா இருக்கவேணும்.”

“ஏன் ஐயா?”

“நாளைக்குக் கப்பல் தட்டினா, நேற்று உனக்கு என்ன தெரிஞ்சிருந்தது எண்டு கேப்பாங்கள்.”

அந்த வரைபடங்களை வெளியிடும் அலுவலகம் லண்டனில் தொடங்கப்பட்டது 1795 ஆகஸ்டில். திருகோணமலை ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அதே மாதத்தில். அலுவலகத்தின் முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள் இளவயதில் கிழக்கிந்தியக் கொம்பனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். கோயில் தூணில் எழுதிய உலகமும் வரைபடத்தில் ரப்பர் பிடிக்காதே என்ற உலகமும் வேறுவேறல்ல. தன் கப்பலின் உயிர் தங்கியிருக்கும் தாளில் மட்டும் அந்த அக்கறை இருந்திருக்கிறது.

நகரத்திலுள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் பழைய கல்லறையில் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். இரண்டாம் பர்மியப் போரில் 1852 ஒக்டோபரில் ஐராவதி ஆற்றில் கொலரா கண்டு இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்பதால் வாசகர்கள் இந்தக் கல்லைத் தேடி வருவார்கள். எனக்கு அந்த அக்காவின் கையெழுத்துப் பிரதி ஒன்றின் நினைவு வந்தது. முடிக்காமல் விட்ட ‘த வொட்சன்ஸ்’ நாவலின் தாள்களில், நீளமாகச் சேர்க்கவேண்டிய இடம் வந்தபோது ஜேன் அதை வேறு துண்டுத் தாளில் எழுதி, அளவாக வெட்டி, உரிய இடத்தில் குண்டூசியால் குத்தி வைத்தார். பசை போட்டால் அது அங்கேயே நின்றுவிடும். ஊசியென்றால் கழற்றலாம், கீழே முன்பு எழுதியதைப் பார்க்கலாம், மனம் மாறினால் வேறிடத்தில் குத்தலாம். அந்தப் பிரதியை 2011இல் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகம் ஏலத்தில் கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. கல்லறையைக் கீறிய பக்கத்தில் நானும் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தினேன். கச்சான் அடித்தும் பறக்கவில்லை.

மறுநாள் மூதூருக்கு பஸ். சீனக்குடாவைச் சுற்றித்தான் பாதை போகிறது. அங்கே காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது ஒரு தொட்டி எரிந்து உருகிப்போனது, அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. தொட்டிகளை யார் வைத்திருப்பது என்ற பேச்சு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் நெடுங்காலம் ஓடி, 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. எனக்கு அங்கிருந்து வேண்டியது துருவின் நிறம். மீன்வாடிப் பக்கம் கிடந்த துருப்பிடித்த கொக்கியையும் வளையத்தையும் வினாகிரியில் நனைத்த தாளுக்குள் வைத்து இறுகச் சுற்றி, பைக்குள் போட்டிருந்தேன். பிரித்தபோது செம்மண் நிறத்தில் இரண்டின் உருவமும் தாளில் விழுந்திருந்தது. தேத்தண்ணி சிந்திய இடம் மட்டும் நீலக்கறுப்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. ஐரோப்பியர் மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மையும் இதே இரசாயனம்தான். ஆண்டுகள் போகப்போக அது தாளைத் தின்னும் என்பதால், இந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களிலிருந்து எண்ணெய்த்தாள் போட்டுப் பிரித்து வைத்தேன்.

முன்பெல்லாம் இந்தப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகத் துறை வரும், ஒவ்வொன்றிலும் பாதைப்படகுக்குக் காத்து நிற்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், நீளம் 396 மீற்றர். மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா கிண்ணியாக்காரி. நான் டிக்கெட்டைப் பத்திரமாக மடித்து வைப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன மகள், கணக்குக் காட்டணுமா?” என்று கேட்டார். கொப்பியைக் காட்டினேன். பக்கங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். இறங்கும்போது தன் டிக்கெட்டையும் தந்துவிட்டுப் போனார்.

மூதூருக்குப் போனது றொபர்ட் நொக்ஸுக்காக. 1660 ஏப்ரலில், புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ கப்பல் கொட்டியாரக்குடாவில் பழுது பார்க்க நின்றபோது, கண்டியரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவருக்கும் ஒரே பெயர். தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் இருந்தார், தொப்பி பின்னி விற்றார், ஒரு தொப்பியைக் கொடுத்து ஓர் ஆங்கில வேதாகமம் வாங்கினார், 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. பிடிபட்ட இடத்தில் நின்ற மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்றார்கள். 1893இல் அங்கே ஒரு கல் நட்டார்கள்.

நொக்ஸின் புத்தகத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். அச்சான தன் புத்தகத்தின் ஒரு பிரதியைப் பிரித்து, பக்கங்களுக்கு இடையில் வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டுவித்துக்கொண்டார். நினைவு வந்தபோதெல்லாம் அந்தத் தாள்களில் எழுதினார். அச்சான பக்கம் அப்படியே இருக்கும். எதிர்த் தாளில் திருத்தம், சேர்க்கை, மறுபரிசீலனை. இரண்டாம் பதிப்புக்கு என்று நினைத்து எழுதினார், 1720இல் இறக்கும்வரை அது வரவில்லை. இடைத்தாள்களில் இருந்ததையும் சேர்த்த பதிப்பை ஜே. எச். ஓ. போலஸ் பதிப்பித்து வெளியிட்டது 1989இல். முதலில் என்ன சொன்னார், பிறகு என்ன நினைத்தார் என்று இன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். கெஸோ பூசியிருந்தால் கடைசியாக நினைத்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

மூதூரில் நிற்கும்போது நொக்ஸை மட்டும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. 2006 ஆகஸ்டில் நடந்த சண்டையில் இங்கிருந்த முஸ்லிம் மக்கள் ஊரோடு ஓடவேண்டி வந்தது. அந்த நாட்களில்தான் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்கு நான் நிறம் பூசுவதா? யாருடைய துண்டுத்தாளை எடுத்து ஒட்டுவது? பொழுதுபோக்குக்கு எல்லை உண்டு. திகதியை எழுதினேன், நடந்ததை இரண்டு வரியில் எழுதினேன், எதிரே ஒரு தாளை வெறுமையாக விட்டேன். அதில் எழுதவேண்டியவர் நான் அல்ல.

பிறருடைய நினைவோடு வேலை செய்ய வழியே இல்லையென்றும் சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘முடிவுறாத தோம்பு’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு கலைநூல் செய்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் வீடிழந்தவர்களிடம் தங்கள் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அவர்கள் கீறியது ஒன்று, அதைக் கட்டட வரைஞர் அளவோடு வரைந்தது ஒன்று, ஓவியர் தன் மனதில் பட்டதை வரைந்தது ஒன்று. வீட்டுக்காரரின் நடுங்கிய கோட்டின் மேல் ஓவியர் தன் கோட்டைப் போடவில்லை, பக்கத்தில் வைத்தார். நொக்ஸ் தன் பக்கத்துக்குச் செய்ததை இவர் பிறர் பக்கத்துக்குச் செய்திருக்கிறார்.

வீடு திரும்பிய பிறகு கெஸோப் போத்தலை நான் தூக்கி எறியவில்லை. நிறம் சரிவராத பக்கம், கை பழக்கக் கீறிய பக்கம், இவற்றுக்கு வெள்ளை பூசுவதில் பாவமில்லை. ஆனால் ஓர் ஊர், ஓர் ஆள், ஒரு நாள் என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் பக்கத்தில் இருந்தால் அதை மூடுவதில்லை. எழுதியது பிழையென்றால் ஒற்றைக் கோடு, ஓரத்தில் திகதி. சேர்க்க இருந்தால் துண்டுத்தாளும் குண்டூசியும். சொல்ல நிறைய இருந்தால் இடையில் ஒரு புதுத் தாள்.

தாள் செருகுவது பெரிய வித்தை இல்லை. இடதுபக்க ஓரத்தில் ஒரு விரலகலம் மடித்து, அந்த மடிப்பை மட்டும் மாப்பசையால் பழைய பக்கத்தின் தையலோரம் ஒட்டினால் போதும், இரண்டு பக்கமும் தாராளமாகத் திறக்கும். பழைய கொப்பி இதனால் பருத்துப்போய் அட்டை மூடாதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம்: புதுக் கொப்பி தொடங்கும் நாளிலேயே சில தாள்களை மடிப்போரம் விரலகலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். பின்னால் நினைவு வருவதற்கெல்லாம் அந்த இடம் வேண்டியிருக்கும்.